உத்தரவா, ஒப்படைப்பா, வழிகாட்டலா? குழுவை ஏற்கிறவர் எதைத் தேர்ந்தெடுப்பது

நேற்றுவரை தன் வேலையை நன்றாகச் செய்தவர் என்பதால்தான் பெரும்பாலும் ஒருவரை டீம் லீடர் ஆக்குகிறார்கள். அந்த நாளோடு அவருடைய வேலையே மாறிவிடுகிறது. இதுவரை தன் கையால் செய்ததை இனிமேல் ஐந்தாறு பேரைக் கொண்டு செய்து முடிக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தருவதில்லை. தனக்கு வாய்த்த மேலதிகாரிகள் எப்படி நடந்துகொண்டார்களோ அப்படியே அவரும் நடந்துகொள்வார். இல்லையென்றால், அவர்கள்மேல் இருந்த கோபத்தில் அதற்கு நேர் எதிராக நடப்பார்.

நான் இரண்டாவது வகை. என் முதல் மேலதிகாரி நான் எழுதும் ஒவ்வொரு மின்னஞ்சலையும் வாசித்துத் திருத்திய பிறகுதான் அனுப்ப விடுவார். அதனால் எனக்கென்று ஒரு குழு அமைந்தபோது, யாருடைய வேலையிலும் மூக்கை நுழைப்பதில்லை என்று உறுதியாக இருந்தேன். அதுதான் மரியாதை என்று நம்பினேன். எட்டு மாதம் கழித்து, குழுவிலேயே இளையவர் வேலையை விட்டுப் போனார். கடைசி நாளில் அவர் சொன்னது இதுதான்: "நான் செய்தது சரியா தப்பா என்றுகூட இங்கே யாரும் சொன்னதில்லை." குறை சொல்லும் குரலில்கூட அவர் அதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் படித்ததும், செய்து பார்த்ததும், மற்றவர்கள் செய்யக் கண்டதும் சேர்ந்ததுதான் இந்த ஒப்பீடு. குழுவை ஏற்கிறவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. இன்னதைச் செய் என்று சொல்லிச் செய்ய வைப்பது ஒன்று. வேலையை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது இன்னொன்று. கூட நின்று ஆளை வளர்ப்பது, அதாவது மென்டராக இருந்து வழிநடத்துவது மூன்றாவது. இன்று எல்லோரும் மூன்றாவதைத்தான் பெரிதாகப் பேசுகிறார்கள். எனக்கும் அதுதான் பிடித்தது. ஆனால் அது நிறைய நேரத்தைக் கேட்கும், சில இடங்களில் பொருந்தவே பொருந்தாது. அதையெல்லாம் மறைத்து அதைப் பரிந்துரைப்பது நியாயமில்லை.

ஒரே அறிக்கை, மூன்று தலைவர்கள்

மூன்றையும் பொதுவாகப் பேசினால் வித்தியாசம் தெரியாது. ஒரே சம்பவத்தில் வைத்துப் பார்ப்போம். குழுவில் சேர்ந்து ஆறு மாதமான ஒருவர், வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையைத் தயாரித்துக் கொண்டு வருகிறார். எண்கள் எல்லாம் சரி. படங்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் வாடிக்கையாளர் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை. நாளை மறுநாள் அனுப்பியாக வேண்டும்.

உத்தரவிடும் தலைவர் பேனாவை எடுக்கிறார். "இந்த இரண்டு பக்கம் வேண்டாம். நான்காம் பக்கத்தை முதலில் வையுங்கள். முதல் வரியை இப்படி மாற்றுங்கள்." பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அறிக்கை நன்றாக அமைகிறது. வாடிக்கையாளருக்கும் திருப்தி. ஆனால் அடுத்த மாதம் அதே ஆள் அதே குறையோடு அடுத்த அறிக்கையைக் கொண்டு வருவார். ஏன் அந்தப் பக்கம் முதலில் வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. தலைவர் பார்த்துத் திருத்துவார் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். நாளாக நாளாக, முழுதாக முடிக்காமலேயே கொண்டு வரத் தொடங்குவார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஒப்படைக்கும் தலைவர், "இது உங்கள் பொறுப்பு, எது சரி என்று படுகிறதோ அப்படியே அனுப்புங்கள்" என்கிறார். இந்த வேலையில் ஏற்கெனவே தேறியவருக்கு இதைவிட நல்ல வார்த்தை கிடையாது. ஆறு மாதக்காரருக்கோ, நடுக்கடலில் இறக்கிவிட்டதுபோல இருக்கும். அறிக்கை அப்படியே போகும். வாடிக்கையாளர் கோபப்படுவார். அப்போது தலைவர் வந்து கேள்வி கேட்பார். அந்தக் கேள்வி முன்னாலேயே வந்திருந்தால் அது உதவி. பின்னால் வருவதால் விசாரணை.

மென்டராக இருக்கும் தலைவர் அறிக்கையைத் தள்ளி வைத்துவிட்டு, "இதைப் படித்த பிறகு வாடிக்கையாளர் என்ன முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது?" என்று கேட்கிறார். கொஞ்ச நேரம் மௌனம். அந்த மௌனத்தை அவர் நிரப்புவதில்லை. அதுதான் இதில் மிகக் கடினமான பகுதி. பிறகு தன் அனுபவத்தைச் சொல்கிறார்: "நானும் ஆரம்பத்தில் தேடிக் கண்டுபிடித்த எல்லாவற்றையும் அறிக்கையில் போட்டுவிடுவேன். உழைத்ததை விட மனசு வராது." இளையவர் தானே நான்காம் பக்கத்துக்கு விரலை நகர்த்துகிறார். "இது முன்னால் வர வேண்டுமோ?" நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. அவர் திருத்திக்கொண்டு வருவது தலைவர் செய்திருக்கக்கூடியதைவிடக் கொஞ்சம் மாற்றுக் குறைவாகத்தான் இருக்கும். அதை அனுப்பவும் விட வேண்டும். அடுத்த மாதம் இருபது நிமிடம் போதும். மூன்றாவது மாதம் அவர் கேட்காமலேயே சரியாகக் கொண்டு வருவார்.

வெறும் கேள்வி கேட்பது மட்டுமே மென்டரின் வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். அது கோச்சிங். கோச்சுக்கு அந்தத் தொழில் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. சரியான கேள்வியைக் கேட்டு, எதிரில் இருப்பவர் தானே யோசிக்க வழி செய்வது அவர் வேலை. மென்டர் அந்தப் பாதையில் முன்னே நடந்தவர். தான் பட்ட அடியையும் கண்ட குறுக்கு வழியையும் எடுத்துச் சொல்ல அவரிடம் விஷயம் இருக்கும். எப்போது சொல்வது, எப்போது வாயை மூடிக்கொண்டு கேட்பது என்ற நிதானம்தான் அவருக்குத் தேவை. வேறு துறையிலிருந்து தலைவராக வந்தவர், குழுவின் வேலையே தனக்குத் தெரியாதபோது மென்டர் வேடம் போட வேண்டாம். கேள்வி கேட்கலாம், கற்றுக்கொள்ளலாம், குழுவில் மூத்தவரை இளையவருக்குத் துணையாக வைக்கலாம். அதுவும் நல்ல தலைமைதான்.

தலைவர் வெளியே போனால் என்ன நடக்கிறது

இந்த மூன்று வழிகளையும் அளக்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: நீங்கள் இல்லாதபோது என்ன நடக்கிறது? இது என் கண்டுபிடிப்பு அல்ல. 1939-இல் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பத்து வயதுச் சிறுவர்களைக் கைவேலை செய்யும் சின்னக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரியவரைத் தலைவராக வைத்தார்கள். ஒரு வகைத் தலைவர் எல்லாவற்றையும் தானே முடிவு செய்து கட்டளையிட்டார். இன்னொரு வகை, சிறுவர்களோடு பேசி முடிவெடுத்து, கூட இருந்து உதவியது. மூன்றாவது வகை, கேட்டால் பதில் சொல்லும், மற்றபடி தலையிடாது.

கட்டளைக்குக் கீழே இருந்த குழுக்கள் தலைவர் பார்த்துக்கொண்டிருந்தவரை நன்றாகவே வேலை செய்தன. அவர் அறையை விட்டு வெளியே போனதும் வேலை சட்டென்று சரிந்தது. கூட இருந்து உதவிய தலைவரின் குழுக்களில் அவர் போன பிறகும் வேலை ஏறக்குறைய அப்படியே நடந்தது. தலையிடாத தலைவரின் குழுக்களில் வேலையும் குறைவு, தரமும் குறைவு.

சிறுவர்களின் கைவேலைச் சங்கத்தில் கண்டதை அப்படியே அலுவலகத்துக்குக் கொண்டு வர முடியாது என்பது சரிதான். ஆனால் எனக்கு அதில் உறைத்தது மூன்றாவது குழு. நான் சுதந்திரம் கொடுக்கிறேன் என்று எட்டு மாதம் செய்துகொண்டிருந்தது அதைத்தான். தலையிடாமல் இருப்பதையும் உரிமை கொடுப்பதையும் நான் ஒன்றாக நினைத்திருந்தேன். அந்த ஆய்வில் அவை இரண்டும் தனித்தனி வரிசையில் நிற்கின்றன.

பெரிய நிறுவனங்களும் இந்தத் தவறைச் செய்து பார்த்திருக்கின்றன. கூகுள் 2002-இல் பொறியாளர்களுக்கு மேலாளர்களே இல்லாத அமைப்பை முயன்று பார்த்தது. சில மாதங்கள்தான் தாங்கியது. செலவுக் கணக்கு, சக ஊழியரோடு சச்சரவு என்று ஒவ்வொன்றுக்கும் ஆட்கள் நேராக நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜிடம் போய் நின்றார்கள். பிறகு 2008-இல், மேலாளர்கள் உண்மையிலேயே தேவையா என்று அறிய அதே நிறுவனம் தன் தரவுகளையே ஆராய்ந்தது. புராஜெக்ட் ஆக்சிஜன் என்று அதற்குப் பெயர். நல்ல மேலாளர்களிடம் எட்டுப் பழக்கங்களைக் கண்டு வரிசைப்படுத்தினார்கள். முதலிடத்தில் இருந்தது, ஆட்களை நன்றாகப் பயிற்றுவிப்பது. இரண்டாவது, அதிகாரம் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றிலும் தலையிடாமல் இருப்பது. தொழில்நுட்ப அறிவு எட்டாவது இடத்தில், பட்டியலின் கடைசியில் இருந்தது. பொறியாளர்கள் நிறைந்த நிறுவனத்தில் இப்படி வந்தது எனக்கு இன்னும் வியப்புதான்.

வழிகாட்டலும் ஒப்படைப்பும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்பதும் அந்த வரிசையிலேயே தெரிகிறது. முதலில் இருப்பது இரண்டாவதற்குக் கொண்டுபோய் விடுகிறது. 1976-இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகியோர் குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று எழுதும்போது, கட்டட வேலையிலிருந்து சாரம் என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். சுவர் எழும்வரை சாரம் வேண்டும், எழுந்த பிறகு பிரிக்க வேண்டும். பிரிக்க மனமில்லாத மென்டர்கள் இருக்கிறார்கள். ஆள் தேறிவிட்டார் என்று தெரிந்தும் வாராவாரம் உட்கார வைத்து அறிவுரை சொல்வார்கள். அது பாசம் மாதிரித் தெரியும், ஆனால் உத்தரவின் இன்னொரு உருவம்தான். பால் ஹெர்சி, கென் பிளான்சார்ட் இருவரும் 1969-இல் சொன்ன யோசனையும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. குறிப்பிட்ட வேலையில் ஆள் எந்த அளவுக்குத் தேறியிருக்கிறாரோ அதற்கு ஏற்பத் தலைமை மாற வேண்டும் என்றார்கள். அதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளின் முடிவுகள் கலவையாகத்தான் வந்தன. ஆனாலும் "குறிப்பிட்ட வேலையில்" என்ற அந்த இரண்டு சொற்கள் எனக்கு மிகவும் உதவின. ஒரே ஆளுக்கு ஒரு வேலையில் வழிகாட்டல் வேண்டும், இன்னொன்றில் முழு ஒப்படைப்பு வேண்டும். ஆளுக்கு ஒரு முத்திரை குத்திவிடக் கூடாது.

நேரம் எங்கே இருக்கிறது?

வழிகாட்டலுக்கு எதிராகச் சொல்லப்படும் முதல் காரணம் நேரம். டேனியல் கோல்மன் 2000-இல் தலைமையின் ஆறு பாணிகளைப் பற்றி எழுதியபோது, ஆளை வளர்க்கும் பாணியைத்தான் தலைவர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்துகிறார்கள் என்றார். நேரமில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

அந்தக் காரணம் பொய் இல்லை. ஆறு பேர் கொண்ட குழு என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு வாரம் அரை மணி நேரம் தனியாகப் பேசினால் மூன்று மணி நேரம். அவரவர் வேலையை முன்கூட்டியே பார்த்து வைக்க இன்னும் ஒரு மணி நேரம். இடையில் "ஒரு நிமிஷம்" என்று வந்து நிற்பவர்களுக்கு இரண்டு மணி நேரம். நாற்பது மணி நேர வாரத்தில் ஆறு மணி நேரம் போய்விடும். பன்னிரண்டு பேர் என்றால் இது இரட்டிப்பாகும். அந்த நிலையில் ஒருவரே எல்லோருக்கும் மென்டராக இருப்பது நடக்காத காரியம். அப்போது குழுவில் மூத்த இரண்டு பேருக்கு நீங்கள் மென்டராக இருங்கள், அவர்கள் மற்றவர்களுக்கு இருக்கட்டும்.

உத்தரவுக்கும் நேரம் போகத்தான் செய்கிறது. அது காலண்டரில் தெரியாது, அவ்வளவுதான். மாதாமாதம் அதே பக்கத்தை முன்னால் வைக்கச் சொல்லும் பத்து நிமிடங்கள், ஆறு பேருக்கும் சேர்த்து, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். வழிகாட்டலின் நேரம் முதல் மூன்று மாதத்தில் குவிந்து பிறகு இறங்கும். அதனால் நேரத்தை வைத்து முடிவு செய்கிறவர், குழு எவ்வளவு காலம் சேர்ந்து இருக்கப்போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு மாதத்தில் கலையும் தற்காலிகக் குழு என்றால் தெளிவான உத்தரவு போதும். ஒன்றிரண்டு ஆண்டு நிற்கும் குழு என்றால் அந்த ஆறு மணி நேரத்தை ஒதுக்காமல் இருப்பதுதான் வீண்.

மேலதிகாரியே மென்டராக இருக்க முடியுமா?

இங்கேதான் உண்மையான சிக்கல் இருக்கிறது. தலைமையைப் பற்றிய பேச்சுகளில் இதை வேகமாகக் கடந்துபோய்விடுகிறார்கள்.

வழிகாட்டல் நடக்க வேண்டுமானால், எதிரில் இருப்பவர் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். "இந்தக் கணக்கு எனக்குப் புரியவே இல்லை" என்று ஜூன் மாதம் அவர் சொல்கிறார். டிசம்பரில் அவருடைய அப்ரைசலை எழுதப்போவது யார்? அதே நீங்கள்தான். அவர் ஜூனில் சொன்னதை மறந்துவிட்டு எழுத உங்களால் முடியுமா? முடியும் என்று நீங்கள் நினைத்தாலும், அவர் அதை நம்புவாரா?

ஏமி எட்மன்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்து 1996-இல் எழுதினார். நல்ல தலைமை உள்ள குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். பதிவான தவறுகள் அங்கேதான் அதிகம் இருந்தன. அந்தக் குழுக்கள் மோசமாக வேலை செய்ததால் அல்ல, தவறை வெளியே சொல்லப் பயப்படாததால் எண்ணிக்கை கூடியது என்பதே அவர் கண்ட விளக்கம். மற்ற இடங்களில் தவறுகள் உள்ளுக்குள்ளேயே புதைந்து கிடந்தன. மேலதிகாரியின் முன்னால் மனிதர்கள் எதை மறைப்பார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி நான் பார்த்ததில்லை.

எனக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். குழுவில் ஒருவர், நான் மிகவும் மதிக்கும் ஆள், ஒரு நாள் மனம் விட்டுப் பேசும்போது தனக்கு இந்த வேலையில் பிடிப்பு இல்லை, வேறு பிரிவுக்குப் போக ஆசைப்படுவதாகச் சொன்னார். மென்டராக எனக்கு மகிழ்ச்சி, என்னிடம் சொல்லத் தோன்றியதே என்று. இரண்டு மாதம் கழித்துப் பதவி உயர்வுக்கு ஒரு பெயரைப் பரிந்துரைக்க வேண்டி வந்தது. தகுதிப்படி அவர் பெயர்தான். எழுதும்போது கை தயங்கியது. போகப்போகிறவருக்கு எதற்கு என்று மனம் கேட்டது. கடைசியில் அவர் பெயரைத்தான் எழுதினேன், ஆனால் அந்தத் தயக்கம் நியாயமானது அல்ல என்பது எனக்கு நன்றாகத் தெரியும். என்னை நம்பிச் சொன்ன ஒரு சொல் அவருக்கு எதிராகவே திரும்பப் பார்த்தது.

அதற்குப் பிறகு நான் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். வேலையை எப்படிச் செய்வது என்பதில் நான் மென்டர். அறிக்கை எழுதுவது, வாடிக்கையாளரிடம் பேசுவது, எதை முதலில் எடுப்பது, இதெல்லாம் என்னோடு. வாழ்க்கையில் எங்கே போகப்போகிறோம், இங்கே இருப்பதா வேண்டாமா என்பதற்கு, எனக்கு ரிப்போர்ட் செய்யாத, வேறு பிரிவில் இருக்கும் மூத்தவர் ஒருவரை அவர்களுக்கு ஏற்பாடு செய்து கொடுப்பேன். அவர்கள் இருவரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை. பல நிறுவனங்கள் மென்டரை மேலதிகாரி வரிசைக்கு வெளியே வைப்பதும் இந்தக் காரணத்துக்காகத்தான்.

அப்படியானால் மென்டர் வேலையையே முழுக்க வெளியாளிடம் விட்டுவிடலாமே, மேலதிகாரி உத்தரவு மட்டும் போட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதுதான் என் முடிவு. வெளியே இருக்கும் மென்டர் அறிக்கையைப் பார்ப்பதில்லை. அவர் காதில் விழுவது, நடந்ததைப் பற்றி ஆள் சொல்லும் கதை மட்டும்தான். மேலதிகாரி வேலையையே பார்க்கிறார், அது நடக்கும்போதே பார்க்கிறார். அதோடு, வெளியாளிடம் இல்லாத ஒன்று மேலதிகாரியிடம் இருக்கிறது: அடுத்த நல்ல வேலையை யாருக்குக் கொடுப்பது என்ற அதிகாரம். கேத்தி கிராம் 1980-களில் மென்டர் உறவுகளை ஆராய்ந்தபோது அவற்றில் இரண்டு பக்கங்களைக் கண்டார். மனத்துக்குத் துணையாக இருப்பது ஒரு பக்கம். வாய்ப்பு வாங்கிக் கொடுப்பது, பெரியவர்கள் கண்ணில் பட வைப்பது, இடறி விழாமல் காப்பது என்று தொழிலில் ஏற்றிவிடுவது மறுபக்கம். அறிவுரை மட்டும் கொடுத்துவிட்டு, முடிவெடுக்கும் அறையில் அந்தப் பெயரைச் சொல்லாமல் இருக்கும் மேலதிகாரி பாதி வேலையைத்தான் செய்கிறார். அப்படி அறிவுரையை மட்டும் வாங்கி வாங்கி, இருந்த இடத்திலேயே இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

செல்லப்பிள்ளை

உத்தரவில் ஒரு நியாயம் இருக்கிறது, அது எல்லோருக்கும் ஒன்றுதான். வழிகாட்டலில் அது தானாக வராது. நம்மைப் போலவே பேசுகிறவர், நம் ஆரம்ப காலத்தை நினைவுபடுத்துகிறவர், நாம் சொல்வதை ஆர்வத்தோடு கேட்கிறவர், இவர்களோடு உட்கார மனம் தானாகப் போகும். ஓரமாக அமைதியாக வேலை செய்கிறவருக்கு அந்த அரை மணி நேரம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். ஒரு வருடத்தில் குழுவில் ஒரு செல்லப்பிள்ளை உருவாகியிருப்பார். அது அவருக்கே நல்லதில்லை, மற்றவர்கள் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இதற்கு நான் கண்ட மருந்து சாதாரணமானதுதான். அரை மணி நேரத்தை எல்லோருக்கும் காலண்டரில் போட்டு, ஒருவருக்குத் தள்ளிவைத்தால் அதே வாரத்தில் ஈடுகட்டுவது. நல்ல வாய்ப்புகள் யார் யாருக்குப் போயின என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதிப் பார்ப்பது. முதல் முறை எழுதிப் பார்த்தபோது நான்கில் மூன்று ஒரே ஆளுக்குப் போயிருந்தன.

ஃபீட்பேக் கொடுப்பதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். எவ்வளவு சொல்கிறோமோ அவ்வளவு நல்லது என்று நினைப்பது தவறு. அவ்ரஹாம் க்ளூகர், ஆஞ்சலோ டினிசி இருவரும் 1996-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் ஃபீட்பேக் கொடுத்த பிறகு வேலை குறைந்திருந்தது. கவனத்தை வேலையிலிருந்து ஆளின் பக்கம் திருப்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். "நீங்கள் கவனக்குறைவான ஆள்" என்பதும், ஏன், "நீங்கள் பெரிய திறமைசாலி" என்பதும்கூட அந்த வகைதான். "மூன்றாம் பக்கத்தில் கேள்விக்குப் பதில் இல்லை" என்பது வேலையைப் பற்றியது. பாராட்டானாலும் குறையானாலும் காகிதத்தின் மேல் விரலை வைத்துச் சொல்லுங்கள்.

வழிகாட்டல் வேண்டாத இடங்கள்

ஆபத்து நேரத்தில் உத்தரவுதான். உயிர், பாதுகாப்பு, சட்டப்படி இன்று மாலைக்குள் முடிய வேண்டியது என்று வந்துவிட்டால், "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. சொல்லுங்கள், செய்து முடியட்டும், அடுத்த நாள் உட்கார்ந்து ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்குங்கள். அந்த அடுத்த நாள் பேச்சை மட்டும் விட்டுவிடாதீர்கள். முதல் வாரத்தில் இருக்கும் புதியவருக்கும் தெளிவாகச் சொல்லிக் கொடுப்பதுதான் கருணை. எதுவுமே தெரியாதவரிடம் கேள்வியாகக் கேட்டால் அது பரீட்சை மாதிரி இருக்கும்.

பத்து வருட அனுபவசாலி, தன் வேலையைத் தானே நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்றால் ஒப்படைத்துவிடுங்கள். என்ன முடிய வேண்டும், எப்போது முடிய வேண்டும், எந்த நிலைமையில் என்னிடம் வர வேண்டும், இந்த மூன்றையும் பேசிக்கொண்டால் போதும். பல நேரம் அவர்தான் உங்களுக்கு வழிகாட்ட வேண்டியிருக்கும். வயதும் பதவியும் இதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச் 1999-இல் சுமார் 500 உயரதிகாரிகளை, இணையத்தைக் கற்றுக்கொள்ள இளையவர்களிடம் போகச் சொன்னார். அறிவு மேலிருந்து கீழே மட்டும்தான் இறங்கும் என்ற எண்ணம் அப்போதே பழசாகியிருந்தது.

வேண்டுமென்றே வேலையைத் தட்டிக்கழிக்கிறவரிடம் வழிகாட்டல் எடுபடாது. அங்கே தேவை நேர்மையான எச்சரிக்கை. ஆனால் அந்த முடிவுக்கு வரும் முன், அவருக்கு உண்மையிலேயே யாராவது வேலையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

சரி, நாளைக்கே தொடங்க வேண்டும் என்றால்?

குழு முழுவதற்கும் ஒரே பாணியை அறிவிக்க வேண்டாம். ஆட்களின் பெயரை இடப்பக்கம் எழுதி, ஒவ்வொருவரும் செய்யும் இரண்டு மூன்று முக்கிய வேலைகளை எதிரில் எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் சொல்லித் தர வேண்டியதா, கூட நிற்க வேண்டியதா, விட்டுவிட வேண்டியதா என்று குறியுங்கள். கூட நிற்க வேண்டியவற்றில் ஒன்றே ஒன்றை எடுத்து, ஒரு ஆளோடு, எட்டு வாரம் செய்து பாருங்கள். உங்கள் வாயிலிருந்து விடை வெளியே வரத் துடிக்கும் நேரங்களைக் கவனியுங்கள். விடை தெரிந்தவராக இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. நம்மைத் தலைவராக்கியதே அதுதான் என்பதால் அதை விடுவது கஷ்டம். எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

எட்டு வாரம் முடிந்ததும் நான்கைந்து நாள் விடுப்பு எடுங்கள். திரும்பி வரும்போது உங்கள் மேஜையில் என்ன காத்திருக்கிறது என்று பாருங்கள். முடிவெடுக்காத கேள்விகள் வரிசையாக இருந்தால் நீங்கள் இன்னும் உத்தரவில்தான் இருக்கிறீர்கள். எடுத்த முடிவுகளும், ஏன் எடுத்தோம் என்ற ஒரு வரியும் இருந்தால் வேலை நடந்திருக்கிறது.

போன வருடம் நான் பத்து நாள் கழித்துத் திரும்பியபோது, அந்தப் பழைய ஆறு மாதக்காரரைப் போன்ற இன்னொரு இளையவர் ஒரு அறிக்கையை அனுப்பியிருந்தார். நான் கடைசியில் வைத்திருக்கக்கூடிய எச்சரிக்கையை அவர் முதல் பத்தியிலேயே வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "அவர் இதைப் பத்து மணிக் கூட்டத்துக்குப் போகும் வழியில்தான் படிப்பார், முதல் பத்தியைத் தாண்ட மாட்டார்" என்றார். அந்த வாடிக்கையாளரை எனக்கு நான்கு வருடமாகத் தெரியும். அவர் எப்போது படிப்பார் என்று நான் யோசித்ததே இல்லை.